அந்த ஊசி யாருக்கு வந்தது?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க ஹார்பர் யார்டு ஆஃபீஸ்ல "ஆன்மிகம் வழியா ஆளுமை வளர்ச்சி"ன்னு ஒரு வகுப்பு வெச்சாங்க. பேச வந்தவருக்கு நல்ல கணீர் குரல். ஸ்க்ரீன்ல கீதையில இருந்து ஒரு வரி, பைபிள்ல இருந்து ஒரு வரி, குர்ஆன்ல இருந்து ஒரு வரி, புத்தர் படம் போட்டு ஒரு வரி. எல்லாத்தையும் வரிசையா காட்டிட்டு, "பாத்தீங்களா, எல்லா மதமும் ஒண்ணையேதான் சொல்லுது. எதிர்பார்க்காதே, அமைதியா இரு"ன்னு முடிச்சார்.

அது வரைக்கும்கூட பொறுத்துக்கிட்டேன்.

அப்புறம் "உங்க திருவொற்றியூர்லயே ஒரு மகான் இருக்காரே"ன்னு பட்டினத்தாரை எடுத்தார். காதில்லாத ஊசிக் கதையைச் சொன்னார். சொல்லிட்டு, "கூட வராத காசுக்காக இன்க்ரிமென்ட், ஓ.டி.ன்னு ஏன் மனசைக் கெடுத்துக்கறீங்க?"ன்னு கேட்டார்.

எனக்கு முன் வரிசையில யார்டு பசங்க உக்காந்திருந்தாங்க. லாஷிங் பண்றவங்க, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவங்க. எல்லாம் கான்ட்ராக்ட். வாரத்துக்குக் கிடைக்கற ஒரே லீவை விட்டுட்டு வந்திருக்காங்க. அவங்க முன்னாடி போய் அந்த ஊசியை நீட்டறார்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறல. அதான் எழுதறேன். நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல கதையை ஒழுங்கா சொல்லிடறேன்.

பட்டினத்தாரோட பழைய பேரு திருவெண்காடர். காவிரிப்பூம்பட்டினத்துல பெரிய கடல் வியாபாரி. இன்னைக்கு நம்ம ஹார்பர் பாஷையில சொன்னா இம்போர்ட் எக்ஸ்போர்ட் முதலாளி. குழந்தை இல்லாம, மருதவாணன்னு ஒரு பையனை எடுத்து வளர்க்கறார். அவன் பெரியவனாகி கப்பல்ல போய் வியாபாரம் பண்ணிட்டுத் திரும்பறான். சரக்கைப் பிரிச்சுப் பாத்தா எருமுட்டையும் தவிடும். அப்பாவுக்குக் கண்ணு மண்ணு தெரியாத கோவம். (எருமுட்டைக்குள்ள ரத்தினம் இருந்துச்சுன்னு அப்புறம்தான் தெரிய வருது.) அதுக்குள்ள பையன் ஒரு பெட்டியைக் கொடுத்துட்டுக் கிளம்பிப் போயிட்டான். உள்ள ஒரு ஓலை, ஒரு காதில்லாத ஊசி. செத்தா இதுகூட உன்னோட வராதுன்னு ஓலையில இருக்கு. அவ்வளவுதான், மனுஷன் அத்தனையும் விட்டுட்டுக் கோவணத்தோட வெளிய வந்துட்டார்.

இப்ப நீங்களே சொல்லுங்க. அந்த ஊசி யாருக்கு வந்தது?

கிட்டங்கி கிட்டங்கியா சரக்கு வெச்சிருந்தவருக்கு வந்தது. அவர்கிட்ட மூட்டை தூக்கினவங்களுக்கு யாரும் ஊசி அனுப்பல. அதுக்கப்புறம் அவர் செஞ்ச முதல் காரியம் என்னன்னு அந்தப் பேச்சாளர் சொல்லவே இல்ல. தன்கிட்ட கணக்கு எழுதின சேந்தனாரைக் கூப்பிட்டு, கருவூலத்தைத் திறந்து விடு, வேணுங்கறவங்க எடுத்துட்டுப் போகட்டும்னார். சேந்தனாரும் திறந்து விட்டார். சொந்தக்காரங்க ராஜாகிட்ட போய்ச் சொல்லி அவரை ஜெயில்ல போட வெச்சாங்க. பட்டினத்தார் பாட்டுப் பாடித்தான் அவரை மீட்டார்னு கதை. திருவாதிரைக் களி சாப்பிடறோமே, அந்தக் களிக் கதையில வர்ற சேந்தனார் இவர்தான்.

நானும் கணக்கு எழுதறவதான். இந்த இடம் வரும்போதெல்லாம் நிமிர்ந்து உக்காந்துடுவேன்.

ஊசி வந்ததும் முதலாளி கஜானாவைத் திறந்தார். அதே ஊசியை இன்னைக்கு ஓ.டி. கேக்கறவன் வாயை மூடறதுக்கு எடுத்துட்டு வர்றாங்க. எனக்கு வந்த கோவம் இதுக்குத்தான்.

எங்க தொழில்ல எந்தப் பெட்டி வந்தாலும் பி.எல்.ல, அதாவது சரக்குச் சீட்டுல, கன்சைனி யாரு, யார் பேருக்கு வந்திருக்குன்னு முதல்ல பாப்போம். கன்சைனி சொல்லாம அந்தப் பெட்டியை வேற யாரும் எடுத்துட்டுப் போக முடியாது. உபதேசமும் எனக்கு அப்படித்தான் தோணுது. ஒவ்வொண்ணும் ஒருத்தர் பேருக்கு வந்திருக்கு. இருக்கறவனுக்கு வந்தது, கோவக்காரனுக்கு வந்தது, வாக்கு குடுத்துட்டு நழுவறவனுக்கு வந்தது. என் பேருக்கு வந்ததை நான் பிரிக்கணும். ஒருத்தன் பேருக்கு வந்ததைப் பிரிச்சு இன்னொருத்தன் தலையில நான் கொட்டக் கூடாது.

இந்த நினைப்போட எங்க ஊரைச் சுத்தி வந்தா வேணும்கறது எல்லாம் இங்கேயே கிடக்கு. திருவொற்றியூர்ல இருந்து ராயபுரம் வரைக்கும் நடந்தாப் போதும். ஒவ்வொரு மதத்துக்காரங்களும் தினம் செய்யற ஏதோ ஒரு வேலை கண்ணுல படும். நான் கொஞ்ச வருஷமா அதுல சிலதை எடுத்துச் செஞ்சு பாத்துட்டிருக்கேன். சிலது ஒட்டிக்கிச்சு. சிலது இன்னும் மல்லுக்கட்டுது.

முதல்ல ஒட்டிக்கிட்டது மகிழமரம்.

எங்க திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு வந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், உள்ள மகிழமரம் இருக்கு. நாயன்மார் சுந்தரருக்கு ஏற்கனவே திருவாரூர்ல பரவையார்னு மனைவி இருக்காங்க. இங்க வந்து, சாமிக்குப் பூ கட்டிட்டிருந்த சங்கிலியாரைப் பாத்து ஆசைப்படறார். அந்தப் பொண்ணுக்கு ஒரே கவலை, இவர் விட்டுட்டுப் போயிடுவாரோன்னு. போக மாட்டேன்னு சத்தியம் பண்ணணும்ங்கறாங்க. சுந்தரர் என்ன பண்றார் தெரியுமா? நேரா சிவன்கிட்ட போய், "நான் சந்நிதியில சத்தியம் பண்ற நேரத்துல நீ மகிழமரத்தடிக்குப் போயிடு"ன்னு கேட்டுக்கறார். சாமி இல்லாத இடத்துல பண்ணா சத்தியம் பிடிக்காது இல்லையா! சாமியும் சரின்னுட்டு, சங்கிலியார் கனவுல போய் "மகிழமரத்தடியில சத்தியம் கேளு"ன்னு சொல்லிடறார். சுந்தரர் வசமா மாட்டிக்கிட்டார். அப்புறம் திருவாரூர் நினைப்பு வந்து ஊர் எல்லையைத் தாண்டினதும் ரெண்டு கண்ணும் போச்சு. ஒரு கண்ணு காஞ்சிபுரத்துல கிடைச்சுது, இன்னொண்ணு திருவாரூர்ல.

மாசி பிரம்மோற்சவத்துல மகிழடி சேவைன்னு வருஷா வருஷம் இதை நடத்திக் காட்டறாங்க. சின்ன வயசுல இருந்து பாக்கறேன். எனக்கு அலுக்கவே இல்ல. சாமி, நாயன்மார்னும் பாக்கல, தன் நண்பன்னும் பாக்கல. ஒரு பொண்ணுகிட்ட குடுத்த வாக்குன்னா வாக்குதான். அதுல சாமி அந்தப் பொண்ணு பக்கம் நிக்குது.

எங்க வேலையில "ஆயிடும் சார்"ங்கறது மூச்சு விடற மாதிரி. சி.எச்.ஏ. (கஸ்டம்ஸ் ஏஜென்ட்) ஃபோன் பண்ணி "மேடம், இன்வாய்ஸ் ஆச்சா, வண்டி இன்னைக்கு வெளிய வந்துடுமா?"ன்னா, தெரியுதோ இல்லையோ எல்லாரும் சொல்றது "ஆயிடும் சார்"தான். அதை நம்பி வெளிய டிரைவர் ராத்திரி பூரா கேட் பாஸுக்குக் காத்துக் கிடப்பாரு. நான் அந்த வார்த்தையை நிறுத்திட்டேன். "நாலு மணிக்கு மேலதான் சார் தெரியும்"னு சொல்றேன். ஆரம்பத்துல என்கிட்ட கோவிச்சுக்கிட்டாங்க. இப்ப நேரா என்னையே கேக்கறாங்க, ஏன்னா நான் சொன்னா ஆகும்னு தெரிஞ்சு போச்சு. ஆளுமை வளர்ச்சின்னு பேரு வெச்சுக்கணும்னா இதுக்கு வெச்சுக்கறேன்.

அடுத்தது எங்க மாடி வீட்டு அக்கா. பாய் வீட்டு அக்கா.

ரம்ஜான் மாசத்துல ஒரு நாள் நோன்புக் கஞ்சிக்குத் தூக்கு எடுத்துட்டு மேல போனேன். அக்கா தரையில உக்காந்து ஒரு ரூல்ட் நோட்டு, ஒரு கால்குலேட்டர், நகைக்கடை எடை போட்ட சீட்டு, அன்னைக்கு தங்க ரேட்டு எல்லாம் பரப்பி வெச்சிருந்தாங்க. ஜகாத் கணக்கு. சேமிப்பு ஒரு அளவுக்கு மேல போய், ஒரு சந்திர வருஷம் கையில நின்னுச்சுன்னா அதுல நாற்பதுல ஒரு பங்கு குடுத்தாகணும். லட்ச ரூபாய்க்கு 2,500. அது யார் யாருக்குப் போகலாம்னு எட்டு வகை குர்ஆன்லயே இருக்காம்.

நோட்டை எட்டிப் பாத்தேன். கடைசியில சில்லறையா ஒரு தொகை நின்னுச்சு. "என்னக்கா, இந்த சில்லறையைத் தள்ளிட்டு ரவுண்டா போட்டுக்க வேண்டியதுதானே?"ன்னேன். கணக்குக்காரி புத்தி.

"தள்ளுனா அது யார் காசும்மா?"

"உங்க காசுதானே."

"அதான் இல்ல. கணக்கு வந்துடுச்சுன்னா அது அவங்களோடது. எங்கிட்ட சும்மா இருந்துச்சு, அவ்ளோதான். அடுத்தவங்க காசை ரவுண்டு பண்ண நான் யாரு?"

சொல்லிட்டுக் கஞ்சியை ஊத்தப் போயிட்டாங்க. நான் தூக்கைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னேன்.

தர்மம் பண்றதுன்னா நமக்கு மனசு இளகணும். சிக்னல்ல கைக்குழந்தையைப் பாத்தா இளகும், பத்து ரூபாய் குடுப்போம். இளகாத நாள்ல கண்ணாடியை ஏத்திடுவோம். அக்கா கணக்குல மனசு இளகற சமாசாரமே கிடையாது. தேதி இருக்கு, எடை இருக்கு, வகுத்தல் இருக்கு. வாங்கறவங்க தலை குனிய வேண்டியதில்ல, அவங்க காசு அவங்களுக்குப் போகுது.

நான் முஸ்லிம் இல்ல, அதனால நான் பண்றதை ஜகாத்னு சொல்லிக்க மாட்டேன். அந்தக் கணக்கை மட்டும் எடுத்துக்கிட்டேன். மார்ச் முடிஞ்சு புத்தகம் மூடினதும் என் சேமிப்பையும் நகையையும் எழுதி, நாற்பதால வகுத்து, வர்றதை அப்படியே எடுத்து வெச்சுடறேன். பெரும்பாலும் ஸ்கூல் ஃபீஸா போகும். ரவுண்டு பண்றதில்ல. முதல் தடவை எடுத்து வெக்கறப்ப அந்தத் தொகை எனக்கு ரொம்பப் பெருசாப் பட்டுது, கை வரல. சிக்னல்ல குடுக்கறதை வருஷம் பூரா கூட்டினாலும் இதுல கால்வாசி வராது. அப்பதான் இந்தக் கணக்கு யார் பேருக்கு வந்திருக்குன்னு எனக்குப் புரிஞ்சுது. லாக்கர்ல நகை வெச்சுக்கிட்டு, நமக்கு என்ன பெருசா இருக்குன்னு பேசற என் பேருக்குத்தான்.

வள்ளலாரைச் சொல்லாம ஒற்றியூரை எப்படிச் சொல்றது?

1823ல மருதூர்ல பொறந்தவர், வளர்ந்தது சென்னையில, ஏழுகிணறு பக்கம் வீராசாமி பிள்ளைத் தெரு. அங்க இருந்து நடந்தே எங்க கோயிலுக்கு வருவாராம், வருஷக் கணக்கா. ஒரு நாள் ராத்திரி திரும்பிப் போக நேரமாகி, வீட்டுக் கதவு சாத்தியிருக்கு. எழுப்ப மனசில்லாம பசியோட திண்ணையிலேயே படுத்துட்டார். அண்ணி வந்து எழுப்பி சாப்பாடு போட்டாங்க. சாப்பிட்டுப் படுத்தவரைக் கொஞ்ச நேரத்துல மறுபடியும் அண்ணி வந்து எழுப்பி, சாப்பிட வான்னாங்க. அப்ப முதல்ல வந்தது யாருன்னா, எங்க வடிவுடையம்மன். இந்த ஊர்ல எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

அப்படிப் பசியோட படுத்த பையன்தான் 1867 மே 23ஆம் தேதி வடலூர்ல தருமசாலை அடுப்பைப் பத்த வெச்சார். இன்னைக்கு வரைக்கும் அணையல. யாரு, என்ன சாதி, எந்த ஊருன்னு கேள்வி கிடையாது. பசின்னு வந்தா சோறு.

"கருணையோடு இரு"ன்னு ஸ்க்ரீன்ல போட்டா கை தட்டலாம். வள்ளலார் கருணைன்னு சொன்னா அதுக்கு அரிசி வாங்கணும், விறகு வாங்கணும். அந்த மாதிரிக் கருணையை நானே பாத்தேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளம் வந்தப்ப வீட்டுக்குள்ள தண்ணியோட எண்ணெயும் சேர்ந்து வந்து, சுவரெல்லாம் கறுப்பா கோடு போட்டுட்டுப் போச்சே, அப்ப எங்க தெருவுக்கு முதல்ல வந்த சாப்பாடு ஒரு சர்ச் சமையல்கட்டுல இருந்து வந்தது. அப்புறம் பள்ளிவாசல்ல இருந்து. யாரும் பேரு கேக்கல. அதுக்கப்புறம் எங்க தெருப் பொம்பளைங்க சேர்ந்து வெயில் காலத்துல எக்ஸ்பிரஸ் ரோட்டுல மோர் குடுக்கறோம். ஹார்பருக்குள்ள போக ட்ரெய்லர் வரிசை நிக்கும் பாருங்க, அந்த டிரைவருங்களுக்கு. வண்டியை விட்டு இறங்க முடியாது, இறங்கினா வரிசை போயிடும். ஒரு சொம்பு மோரை அண்ணாந்து குடிச்சுட்டு அவங்க விடற மூச்சு இருக்கே, அதைப் பக்கத்துல நின்னு கேக்கணும்.

ராயபுரத்துல எனக்கு ஒரு ஃப்ரெண்ட். செயின்ட் பீட்டர்ஸ் சர்ச் பங்கு. (1829ல படகுக்காரங்க கட்டின சர்ச் அது.) அவதான் எனக்கு ஆத்தும சோதனை சொல்லிக் குடுத்தா. புனித இஞ்ஞாசியார் சொல்லி வெச்சது, நானூத்தி சொச்சம் வருஷமா இருக்கற வழக்கம். ராத்திரி உக்காந்து, முதல்ல அன்னைக்கு நடந்த நல்லதுக்கு நன்றி சொல்லணும். அப்புறம் மனசுல வெளிச்சம் கேக்கணும். காலையில இருந்து மணிக்கு மணி நடந்ததைத் திருப்பிப் பாக்கணும். தப்புக்கு வருத்தப்படணும். நாளைக்கு என்னன்னு முடிவு பண்ணணும்.

எனக்கு இது சுலபமா வரல. ராத்திரி படுக்கையில உக்காந்தா தூக்கம் வந்துடுது. காலையில பண்ணிப் பாத்தேன், நேத்து நடந்தது மறந்து போகுது. இப்ப சாயங்காலம் மெட்ரோவுல வர்றப்ப பண்றேன், தேரடி ஸ்டேஷன் வர்றதுக்குள்ள முடிஞ்சுடும். இதுல எனக்குப் பிடிச்சது அந்த வரிசைதான். நன்றி முதல்ல, தப்பு அப்புறம். நான் பொதுவா எங்க தப்பாச்சுன்னு தேடிக்கிட்டுத்தான் வீடு திரும்புவேன், ஆடிட் பாக்கற மாதிரி. நன்றியில ஆரம்பிச்சா அதே நாள் வேற மாதிரி தெரியுது. நான் எரிஞ்சு விழுந்த ஆள்தான் காலையில எனக்கு டீ வாங்கிட்டு வந்தவர்ங்கறது அப்பதான் ஞாபகத்துக்கு வரும்.

இப்ப மல்லுக்கட்டற விஷயத்துக்கு வர்றேன்.

கலிய நாயனார். அறுபத்து மூவர்ல எங்க ஊர்க்காரர். செக்காட்டற குடும்பம். கோயில் விளக்குக்கு ராப்பகலா எண்ணெய் குடுத்துக்கிட்டே இருந்தார். செல்வம் போச்சு. கூலிக்குச் செக்கு ஓட்டி எண்ணெய் வாங்கினார். அதுவும் போச்சு. வீடு வாசலை வித்தார். அது வரைக்கும் எனக்கு அவர்மேல அப்படி ஒரு மரியாதை. ஷிஃப்ட் முடிஞ்சு அழுக்குச் சட்டையோட கோயிலுக்கு வர்ற எங்க பக்கத்து ஃபேக்டரி ஆளுங்களைப் பாத்தா எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். ஆனா அடுத்தது என்ன? பெண்டாட்டியை விக்கப் போறார். பெரியபுராணத்துலயே இருக்கு. யாரும் வாங்கல. அப்புறம் எண்ணெய்க்குப் பதிலா தன் ரத்தத்தை ஊத்தறேன்னு கழுத்தை அறுக்கப் போறார், சாமி வந்து கையைப் பிடிச்சுடுது.

எங்க தெருவுல திருமுறை ஓதற பெரியவர் ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட கேட்டுட்டேன்.

"ஐயா, பெண்டாட்டியை விக்கறது பக்தியா? அந்தம்மாவை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"அம்மா, அவர் விளக்கு எரியணும்கறதை மட்டும் பாரு."

"எனக்கு ரெண்டும் தெரியுதே ஐயா."

"உனக்கு வேணும்கறதை மட்டும் பொறுக்கிக்கிட்டா அது எப்படிம்மா பாடம் ஆகும்?"

அந்தக் கேள்வியை நான் ஒதுக்கல. நியாயமான கேள்வி. எல்லா மதத்துல இருந்தும் பிடிச்சதை மட்டும் எடுத்துக்கறது சொகுசுதானே? எது கஷ்டமோ அதை விட்டுடலாமே? ரொம்ப நாள் யோசிச்சேன். எனக்குக் கிடைச்ச பதில் இதுதான். எனக்கு வலிக்கறதால ஒண்ணை விடக் கூடாது. ஜகாத் கணக்கு வலிச்சுது, அதை விடல. இன்னொருத்தர் தலையை அடகு வெக்கச் சொன்னா விட்டே ஆகணும். அந்த அம்மா பேருக்கு யாரும் ஒரு உபதேசமும் அனுப்பல. புருஷன் பேருக்கு வந்ததுக்கு அவங்களை விலையா வெச்சாங்க. அதை நான் ஏத்துக்க மாட்டேன்.

அதுக்காகக் கதையில அந்த இடத்தை வெட்டிட்டுச் சொல்லவும் மாட்டேன். முழுசா சொல்லி, சண்டையும் போடுவேன். பட்டினத்தார் பொம்பளைங்களைப் பத்திப் பாடினது சிலதும் எனக்கு ஆகாது. ஆனா பெத்த அம்மா செத்தப்ப துறவி ஓடி வந்து, பச்சை வாழைமட்டையை அடுக்கிக் கொள்ளி வெச்சார் பாருங்க, அதுல என்னால கண்ணு கலங்காம இருக்க முடியாது. எங்க கடற்கரையில அவர் சமாதி இருக்கு. எனக்கு ஆகாத பட்டினத்தாரும் என்னைக் கலங்க வெக்கற பட்டினத்தாரும் அங்கதான் இருக்காங்க. பெரியவர் இன்னும் ஒத்துக்கல. வாரம் ஒரு தடவையாவது பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்.

இந்த மாதிரி மதம் தாண்டி வாங்கிக் குடுத்துப் பழகறது எங்க பக்கத்துக்குப் புதுசு இல்ல. குணங்குடி மஸ்தான் சாகிபைப் பாருங்க. சொந்தப் பேரு சுல்தான் அப்துல் காதிர். தொண்டி பக்கத்துல இருந்து வந்து ராயபுரம் பக்கம் காட்டுல தங்கினவர். தொண்டியார்னு ஜனங்க கூப்பிட்டதால அந்த இடமே தண்டையார்பேட்டை ஆச்சுன்னு சொல்லுவாங்க. 1838ல இங்கேயே அடங்கினார், தர்கா இருக்கு. சூஃபி. தாயுமானவர் மாதிரியே பராபரக்கண்ணி பாடியிருக்கார். அகத்தியர் மேல சதகம் பாடியிருக்கார். சரவணப்பெருமாள் ஐயர்னு பெரிய தமிழ்ப் புலவர், இவர் மேல நான்மணிமாலை பாடினார். ஐயர் ஐயராவே இருந்தார், சாகிபு சாகிபாவே இருந்தார். எல்லாம் ஒண்ணுதான்னு சொல்லி யாரும் யாரையும் கரைக்கல. பக்கத்து வீட்டுல இருக்கறது நல்லா இருக்குன்னு தெரிஞ்சுது, போய் உக்காந்து கத்துக்கிட்டாங்க.

அந்தப் பேச்சாளர்கிட்ட வகுப்பு முடிஞ்சதும் போய்ச் சொன்னேன். "சார், அந்த ஊசியை அடுத்த தடவை மேனேஜ்மென்ட்டுக்கு வகுப்பு எடுக்கறப்ப எடுத்துட்டுப் போங்க. கூடவே சேந்தனார் கதையையும் சொல்லுங்க." அவர் சேந்தனார்னு பேரை மொபைல்ல குறிச்சுக்கிட்டார். சொல்லுவாரான்னு தெரியல. யார்டு பசங்க ஓ.டி. மனுவை அடுத்த நாளே எழுதிக் குடுத்துட்டாங்க. தொகையெல்லாம் நான்தான் கூட்டிக் குடுத்தேன், பைசா சுத்தமா.

இப்ப குணங்குடியார் புத்தகம் கையில இருக்கு, பராபரக்கண்ணியில இருக்கேன். மெதுவாத்தான் போகுது, அரபுச் சொல் வர்ற இடமெல்லாம் மாடிக்கு ஓடி அக்காகிட்ட கேட்டுட்டு வர்றேன். படிச்சா பத்தல, பாடிக் கேக்கணும்னு இருக்கு. அவரோட றகுமான் கண்ணியை ராகத்தோட பாடத் தெரிஞ்சவங்க ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் யாராவது இருந்தா எழுதுங்க. அக்காவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க.